மேடையில் மனப்பாடம் ஏன் கைவிடுகிறது? அவையச்சம் பற்றிய விவாத இழை

தமிழாசிரியை, திருவாரூர்

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். வகுப்பில் எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் எழுந்து நின்று தெளிவாக விளக்கக்கூடிய பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, அண்மையில் நடந்த மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டியில் நன்றாகத் தொடங்கிவிட்டு, ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டாள். மறுபடியும் ‘மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களே’ என்று முதலிலிருந்து ஆரம்பித்து, அதே இடத்துக்கு வந்ததும் மீண்டும் நின்றாள்; பிறகு கைகூப்பிவிட்டு இறங்கிவிட்டாள். இப்போது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள் வாசிப்பதற்குக்கூட வர மறுக்கிறாள்.

ஆறுதல் தேடி இதை எழுதவில்லை. ‘பயப்படாதே’, ‘எதிரில் ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்’, ‘கண்ணாடி முன் நின்று பேசிப் பழகு’ என்ற மூன்றையும் பள்ளிகளில் எல்லாரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம்; அவற்றால் பயனடைந்த பிள்ளை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பயம் வரத்தான் செய்யும் என்றால், வந்த பின்னும் பேச்சு அறுந்துபோகாமல் இருக்க எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதே என் கேள்வி. பேசுபவர்களோ பாடுபவர்களோ, தங்கள் துறையில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய நடுவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பள்ளி, கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நீண்ட காலம் நடுவராக அமர்ந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கிறேன். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை எழுதியவர் யார்? பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுக்கிறார், அல்லது பெற்றோர் யாரிடமாவது எழுதி வாங்கி வருகிறார்கள்; பிள்ளை அதை ஏற்ற இறக்கங்களோடும் கையசைவுகளோடும் சேர்த்து ஒப்பிக்கக் கற்றுக்கொள்கிறது.

நின்றுபோகும் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். ஒரு பத்தி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்திலோ, மேற்கோள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் இடத்திலோதான் அநேகமாக நிற்பார்கள். அங்கே முன்னால் சொன்னதற்கும் பின்னால் வரப்போவதற்கும் காரணத் தொடர்பு எதுவும் இருக்காது. பாரதியாரின் வரிக்குப் பிறகு பாரதிதாசனின் வரி வர வேண்டும் என்பதற்கு, தாளில் அப்படி எழுதியிருந்தது என்பதைத் தவிர வேறு நியாயம் கிடையாது. காரணம் இல்லாத இடத்தில் நினைவு மட்டுமே தாங்க வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் முதலில் நழுவுவதும் அதுதான்.

அவையஞ்சாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், பகைவர் நடுவே சாகத் துணிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாமல் நிற்பவர்கள் அரியவர்கள் என்று சொல்கிறார். ஆனால் அவர் தரும் மருந்து நெஞ்சுரம் பற்றியது அன்று. அவையில் எதிர்வரும் கேள்விக்கு விடை கொடுக்க வேண்டுமானால் அளவறிந்து கற்க வேண்டும் என்கிறார். பரிமேலழகர் அதைத் தருக்க நூலைக் கற்பது என்று விளக்குகிறார். ஆகவே அடுத்த முறை எழுதிய பேச்சைக் கொடுக்காதீர்கள். ஐந்தாறு கருத்துகளைக் காரண வரிசைப்படி கொடுத்து, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஆளிடம், வெவ்வேறு சொற்களில் அவளே சொல்லிப் பார்க்கட்டும்.

நாதம்

நடுவர் ஐயா சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. நான் வாய்ப்பாட்டுக் கலைஞர். கச்சேரியும் செய்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கீர்த்தனைகளை நாங்கள் ஒரு சொல் மாறாமல் மனப்பாடமாகத்தான் பாடுகிறோம். அப்படியிருந்தும் மேடையில் அறுந்துபோவது அரிது. எனவே மனப்பாடத்தைக் குற்றம் சொல்வதைவிட, எப்படி மனப்பாடம் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

வேதம் ஓதுபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக ஓதக் கற்றதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. கிரம பாடத்தில் முதற்சொல்லையும் இரண்டாம் சொல்லையும் இணைத்துச் சொல்லி, பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்துச் சொல்கிறார்கள். ஜடை என்ற அடுத்த முறையில் அதே இணையை முன்னும் பின்னுமாகத் திருப்புகிறார்கள். கனம் என்ற முறையில் அது மேலும் சிக்கலாகிறது. இத்தனை பின்னலும் முடிந்தபின், எந்தச் சொல்லில் நிறுத்தினாலும் அங்கிருந்து தொடர அவர்களால் முடியும். அந்த மாணவியின் பேச்சு ஒரே வாசல் உள்ள வீடாக இருந்தது. உள்ளே வழி தவறியவுடன் அவளுக்கு வாசலுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

என் மாணவர்கள் ஒரு கீர்த்தனையைப் பாடம் செய்த பிறகு, கடைசிப் பகுதியான சரணத்தின் மூன்றாம் வரியிலிருந்து எடு என்பேன், நடுப்பகுதியான அனுபல்லவியில் இரண்டாம் சங்கதியிலிருந்து (ஒரே வரியை இசையில் மாற்றிப் பாடும் வடிவம்) தொடங்கு என்பேன். பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திப் பேச்சுக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வேன். தொடக்கத்தில் மிகவும் எரிச்சலடைவார்கள். ஆனால் மேடையில் யாராவது இருமினாலோ, ஒலிபெருக்கி அலறினாலோ, அவர்கள் அசைவதில்லை.

மற்றொன்று, கச்சேரி தொடங்கும் முறை. இன்று நாம் பின்பற்றும் கச்சேரி அமைப்புக்கு வடிவம் கொடுத்தவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள்; அதில் முதல் உருப்படி வர்ணம். வர்ணம் நாங்கள் சிறு வயதிலிருந்து பாடிப் பாடித் தேய்ந்தது, அதில் கற்பனைக்கு இடமில்லை. பயம் இருந்தால் அது உடனே காலப்பிரமாணத்தில், அதாவது பாட்டின் வேகத்தில் தெரியும், பாட்டு ஓடத் தொடங்கும். ஒரே சுரத்தை நீட்டி நிறுத்தும் நீண்ட கார்வைகள் நடுங்கும். வயலினில் மெதுவாக இழுக்கும் நீண்ட வில்லில் நடுக்கம் கேட்கும், விரைவான வில்லில் அது மறைந்துவிடும். வர்ணம் முடிவதற்குள் குரல், தாளம் போடும் கை, பக்கவாத்தியம் என எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிடும். பேச்சுப் போட்டியில் நாம் செய்வதோ நேர்மாறானது. ‘முத்தமிழ் அன்னையின் பொற்பாதங்களைப் பணிந்து’ என்று வாயில் நுழையாத அலங்கார வரிகளை முதல் நிமிடத்திலேயே வைத்து, பிள்ளைக்கு மூச்சு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் அவற்றைச் சொல்ல வைக்கிறோம்.

பயமே இல்லாத கலைஞர் என்ற ஒருவரைப் பற்றி மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள். வயலின் வகையைச் சேர்ந்த பெரிய வாத்தியமான செல்லோவின் மேதை பாப்லோ கசால்ஸ் 1901இல் அமெரிக்காவில் மலையேறும்போது பாறை விழுந்து இடக்கை நசுங்கியது. இனி ஒருபோதும் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் அந்தக் கணத்தில் தமக்கு முதலில் தோன்றியது என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். கை குணமாகி, அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருந்தார். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் பயந்துகொண்டேதான் இருந்தார்.

மருத்துவர், மதுரை

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். பலர் நம்மைப் பார்க்கிறார்கள், மதிப்பிடுகிறார்கள் என்ற உணர்வு எழுந்த சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, உமிழ்நீர் குறைந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது, விரல்கள் குளிர்ந்து நடுங்குகின்றன. இதோடு மெதுவாக ஏறும் மற்றொரு சுரப்பு கார்ட்டிசோல். அழுத்தம் தொடங்கி ஏறக்குறைய இருபது, முப்பது நிமிடங்களில் அது உச்சத்தைத் தொடும். நினைவில் உள்ளதை வெளியே எடுக்கும் வேலையை அது தடுக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதாவது பேசுவதற்கு முன் பெயர் அழைக்கப்படும்வரை வரிசையில் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கும் நேரமே பிள்ளைக்கு அதிகத் தீங்கு செய்கிறது. அந்த நேரத்தில் தாளை வைத்துக்கொண்டு முழுப் பேச்சையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதைவிட, எழுந்து நடப்பதும் யாரோடாவது வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பதும் நல்லது.

நடுவர் ஐயா கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. மனிதர்களுக்கு ஆய்வகத்தில் அழுத்தத்தை உண்டாக்க, 1993இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த முறை உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. ஆளை ஒரு குழுவின் முன் நிறுத்தி ஐந்து நிமிடம் பேச வைக்கிறார்கள்; பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வைக்கிறார்கள். குழுவினர் சிரிக்கக் கூடாது, தலையசைக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான விதி. நம் பேச்சுப் போட்டிகளில் நடுவர்கள் உட்காரும் விதத்தை நினைத்துப் பாருங்கள்.

மாத்திரை பற்றிச் சிலர் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். அட்ரினலின் இதயத்தில் செய்யும் வேலையைத் தடுக்கும் பீட்டா தடுப்பான் வகை மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்றான புரோப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். தந்தி வாத்தியக் கலைஞர்களுக்கு இவ்வகை மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977இலேயே வெளிவந்திருக்கிறது. நடுக்கம் குறைந்து வாசிப்பு மேம்பட்டது. மேற்கத்திய இசைக் குழுக்களில் இதன் பயன்பாடு இரகசியம் அன்று. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்க்காமல் யாரும் தொடக்கூடாது. பதினாறு வயதுப் பெண்ணின் பேச்சுப் போட்டிக்கு இது தீர்வே இல்லை. கை நடுக்கத்தை அது நிறுத்தும், மறந்த பத்தியை எடுத்துத் தராது.

வடமராட்சியான்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த காலத்தில் மாணவர் மன்றம் என்று ஒன்று ஒழுங்காக நடக்கும். அதில் தலைவர், செயலாளர் முதலிய பொறுப்புகள் மாறி மாறி எல்லாருக்கும் வரும். முதலில் ஒரு பிள்ளை எழுந்து சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிக்கும். வேறொரு நாள் நன்றியுரை சொல்லும். அதற்குப் பிறகே பேச்சு. அறிக்கை வாசிப்பதில் திறமை காட்ட எதுவும் இல்லை. ஆனால் எழுந்து நின்று, எல்லாரும் தன்னைப் பார்க்க, தன் குரலைத் தானே கேட்கும் அனுபவம் அதில் கிடைத்துவிடும். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த மேடை புதிதாக இருக்கலாம், எழுந்து நிற்பது புதிதாக இராது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இலக்கிய மன்றங்கள் இருப்பதாக அறிகிறேன். அவை விழா நடத்துவதற்கு மட்டும்தானா என்பதை ஆசிரியை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

வழக்காடி

நான் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். வடமராட்சி நண்பர் சொன்ன ஏணி எங்கள் தொழிலிலும் உண்டு. சீனியரிடம் சேர்ந்த ஜூனியருக்கு முதலில் கிடைப்பது வாய்தா கேட்கும் வேலை. ‘சீனியர் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறார், வழக்கை வேறொரு நாளுக்குத் தள்ளி வைக்க வேண்டுகிறேன்’ என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்ல முழங்கால் நடுங்கியவர்கள், சில ஆண்டுகளில் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்வதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் ஏணி மட்டும் போதாது என்பதற்குக் காந்தியடிகளே சான்று. லண்டனில் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார், கூட்டங்களுக்குத் தவறாமல் போனார், ஆனாலும் வாய் திறக்க முடியவில்லை. ஒரு முறை தம் கருத்தை எழுதிக்கொண்டு போயும் அதை வேறொருவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது. 1891இல் பாரிஸ்டராக நாடு திரும்பிய பின் பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. கட்டணமாக வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அங்கிருந்த இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் வாய்மை பற்றியும் அவர்களுடைய குறைகளை எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்பது பற்றியும் பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுக்கூட்டப் பேச்சு என்று அதைத்தான் அவர் குறிப்பிடுகிறார். இடையில் அவர் பேச்சுப் பயிற்சி எதற்கும் போகவில்லை. டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னதும், மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டதும் அந்த ஆண்டில் நடந்தவை. பம்பாயில் அவர் எழுந்தது தாம் நல்ல வழக்கறிஞர் என்று காட்டுவதற்காக. பிரிட்டோரியாவில் அவருக்குச் சொல்லியாக வேண்டிய செய்தி இருந்தது. என் கருத்தில், அந்த மாணவிக்குச் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று கிடைக்கும்வரை மற்ற எல்லாப் பயிற்சியும் துணைக்கருவிதான்.

தமிழாசிரியை, திருவாரூர்

எல்லாருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொல்வது மனத்துக்கு உவப்பாக இருந்தாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது. தலைப்பை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, சுற்றறிக்கையில் வருகிறது. உச்சரிப்புக்கு இவ்வளவு, உடல்மொழிக்கு இவ்வளவு என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கும் இடத்தில், ‘உன்னை மறந்துவிட்டுச் செய்தியை மட்டும் நினை’ என்று பிள்ளையிடம் சொல்வது நேர்மையாகுமா? அவளுடைய கையையும் கண்ணையும் எடைபோடத்தான் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும்.

மன்றம் பற்றிய கேள்விக்கு விடை: ஆம், பெரும்பாலும் விழாவுக்குத்தான். அதை மாற்ற முடியும் என்று நினைக்கிறேன். கூட்ட அறிக்கையை வாசிக்க அவளிடம் கேட்டேன். தாளைப் பார்த்துத்தான் வாசிப்பேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறாள். பேச்சை மறந்தது அவளை உறுத்தவில்லை என்பதும் அவளோடு பேசியதில் தெரிந்தது. ‘நான் நடுங்கியதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள், டீச்சர்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். இதற்கு என்ன சொல்வது?

மருத்துவர், மதுரை

அம்மா, இதற்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்டது. பேசுபவர்கள் தங்கள் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறார்களோ, கேட்பவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே தெரிகிறது. உள்ளே இதயம் அடிக்கும் ஓசை நமக்குத்தான் பெரிதாகக் கேட்கிறது. இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பதுதான் அதில் சுவையான பகுதி. பயம் தெரிந்துவிடுமோ என்று பயந்து, அதனாலேயே மேலும் பதறும் சுழல் அங்கே அறுபடுகிறது. முடிந்தால் அவள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, சில நாள் கழித்துப் போட்டுக் காட்டுங்கள். தான் எதிர்பார்த்த அளவு நடுக்கம் அதில் இல்லை என்பதை அவளே பார்ப்பாள்.

‘அமைதியாக இரு’ என்று சொல்வதையும் நிறுத்துங்கள். ஏறிய இதயத் துடிப்பை ஒரு சொல்லால் இறக்க முடியாது. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலான பேச்சைத் தந்தார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது. ஆகவே பயத்திலிருந்து உற்சாகத்துக்கு நகர்வது எளிது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அவள் மேடையை மட்டும் தவிர்க்கிறாளா, அல்லது வகுப்பில் சந்தேகம் கேட்பது, கடையில் பேசுவது, மற்றவர் முன் சாப்பிடுவது ஆகியவற்றையும் தவிர்க்கத் தொடங்கிவிட்டாளா என்று கவனியுங்கள். பின்னது மாதக்கணக்கில் நீடித்தால் அது மேடை பற்றிய சிக்கல் இல்லை. மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ காட்ட வேண்டும். நல்ல சிகிச்சை இருக்கிறது.

பழைய நடுவர்

மருத்துவர் முன்பு எழுதிய டிரியர் முறையைப் படித்ததிலிருந்து ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நடுவர் முகத்தை இறுக்கமாக வைத்திருப்பதுதான் நடுநிலைக்கு அடையாளம் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி தலையசைத்தால் நடுநிலை கெடாது. அதை அழைப்பு வரும் இடங்களில் மற்ற நடுவர்களிடமும் சொல்வேன். நாதம் அம்மாவிடம் ஒரு கேள்வி. பல வாசல் வைத்துப் பயின்ற பிறகும் மேடையில் ஒரு கணம் வெறுமையாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

நாதம்

கச்சேரியில் அது நடக்காமல் இல்லை, ஐயா. வரி வரவில்லை என்றால் முந்தைய வரியையே வேறொரு சங்கதியோடு இன்னொரு முறை பாடுவோம். கேட்பவர்கள் அதை அழகு என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் வரவில்லை என்றால் தொடக்கப் பகுதியான பல்லவிக்குத் திரும்புவோம். வயலின்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு ஒரு சுற்று நிரப்பிக் கொடுப்பார். தாளம் மட்டும் நிற்கக் கூடாது. கை போட்டுக்கொண்டே இருந்தால் வரி வந்து சேர்ந்துவிடும்.

பேச்சில் இதற்கு ஈடாக மூன்றைப் பழக்கலாம். கடைசியாகச் சொன்ன கருத்தை ‘அதாவது’ என்று தொடங்கி வேறு சொற்களில் மறுபடி சொல்வது. தலைப்பையே ஒரு கேள்வியாக அவையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விடுவது. அதுவும் உதவாதபோது, விடுபட்டதை விட்டுவிட்டு அடுத்த கருத்துக்குத் தாவுவது. எது விடுபட்டது என்பது தாளை வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். இந்த மூன்றையும் மேடையில் முதன்முதலாகச் செய்யக் கூடாது. பயிற்சியின்போது நீங்களே திடீரென்று கைதட்டி ‘மறந்துவிட்டாய்’ என்று அறிவியுங்கள். அவள் மறந்தவளாக நடித்து, இவற்றில் ஒன்றைச் செய்து மீள வேண்டும். மாடிப்படி ஏறி இறங்க வைத்து, மூச்சு வாங்கும்போதே தொடங்கச் சொல்வதும் நல்ல பயிற்சி. இதயம் வேகமாக அடிக்கும் நிலையிலும் பேச்சு வரும் என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும்.

தமிழாசிரியை, திருவாரூர்

படிக்கட்டுப் பயிற்சியை நாளையே தொடங்கிவிடலாம், எங்கள் பள்ளியில் இரண்டு மாடி இருக்கிறது. நடுவர் ஐயாவிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். கையில் சிறு குறிப்புச் சீட்டு வைத்திருக்கலாமா? ஐந்து சொற்கள் மட்டும்.

பழைய நடுவர்

போட்டிக்குப் போட்டி விதி மாறும். பல இடங்களில் தாளைப் பார்த்துப் பேசக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். முன்பதிவின்போதே அமைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இல்லாவிட்டால், ஐந்து சொற்களின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்துச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். அனுமதி இருந்தால் சீட்டை மேசையில் வைக்கட்டும், கையில் வேண்டாம். நடுங்கும் கையில் தாள் சலசலக்கும், ஒலிவாங்கி அதை எடுத்துக் கொடுத்துவிடும்.